கலங்காத தண்ணீர்

ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டக் கோயிலில் பெரிய வியாழன் பூசை. இயேசு சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாக ஃபாதர் கழுவிவிட, உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரின் கால்களிலும் சவர்க்கார வாசம். ஃபாதர் முழந்தாளிட்டுக் கழுவிக்கொண்டே நகர்கிறார். பேசினில் தண்ணீர் கலங்கவேயில்லை, ஜன்னல் வெயில் அதன் அடிவரை இறங்கிக் கிடக்கிறது. “எல்லாரும் கழுவிட்டே வந்துட்டீங்களா?” என்கிறார் மெல்ல. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் சவரிமுத்து தலைகுனிகிறார். கழுவி வரச் சொன்னவர் அவர்தான். கொழுந்து மலையிலிருந்து அட்டை கடித்த ரத்தத்தோடு நேரே வந்த சந்தனமேரியை, “இந்தக் காலோடயா ஃபாதர் முன்னுக்கு ஒக்காரப் போற?” என்று எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். வெளியே குழாயடியில் அவள் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் சத்தம் உள்ளே கேட்கிறது. பேசின் அவர் காலடிக்கு வருகிறது. சவரிமுத்து காலை இழுத்துக்கொள்ளப் பார்க்கிறார். அதற்குள் ஃபாதரின் ஈரக்கை அதைப் பிடித்துவிடுகிறது.