புகையில்லா வீதி

வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும், இசக்கிமுத்து டீ டம்ளரை அவசரமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

ஓடைக்கு அந்தப் பக்கம், மாடி வீடுகள் இருக்கிற வீதியில் குடியிருக்கும் இளங்கோ. சொந்தமாகப் பனியன் கம்பெனி. கையில் ஒரு கட்டு நோட்டீஸ். இந்த லைன் வீடுகள் பக்கம் அவர் வருவது இதுதான் முதல் தடவை.

"ஏனுங்க, பண்டிகைக்கு ஊருக்குப் போகலீங்களா?"

"பஸ்ல எடம் கெடைக்கல சார். இந்த வருசம் தீவாளி இங்கனதான்."

"நல்லதுங்க. ஒரு வேண்டுகோளுங்க. இந்தத் தடவை பட்டாசு வெடிக்க வேண்டாமுங்க. சாயப்பட்டறைப் புகை பத்தாதுன்னு இது வேறயா? காத்து எல்லாத்துக்கும் பொதுவுதானுங்களே!"

நோட்டீசில் 'புகையில்லாத் தீபாவளி' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது.

இசக்கிமுத்துவுக்குக் குழப்பம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற ஒருத்தனைத் தேடி முதலாளி ஒருவர் வந்து, இத்தனை 'ங்க' போட்டுக் கேட்கிறாரே!

உள்ளே மகள் ஜோதிகா, சாத்தூர்ச் சித்தப்பா கொடுத்தனுப்பிய பட்டாசுப் பெட்டியை நாலாவது முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் மனைவி மூக்கம்மாள் இருமினாள். கம்பெனியில் பஞ்சுத் தூசியைக் குடித்துக் குடித்து அவளுக்கு மூச்சிழுப்பு. புகை ஆகவே ஆகாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

"சரி சார். வெடிக்கல."

பக்கத்து ஏழு வீட்டுக்காரர்களையும் அவனே பேசிச் சம்மதிக்க வைத்தான். ஜோதிகாதான் சோற்றைத் தொடவில்லை.

"ஏட்டி, அம்மைக்கு மூச்சு முட்டும்லா? அடுத்த வருசம் ஊர்ல போய் ஆசை தீர வெடிக்கலாம்."

"கம்பி மத்தாப்பு மட்டும்ப்பா?"

"அதுவும் பொகைதானம்மா."

தீபாவளி விடிந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊசிவெடிச் சத்தம்கூட இல்லை. மூக்கம்மாள் எண்ணெய்த் தலையை அலசிவிட்டு வாசலில் உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள்.

"நல்ல மனுசன்தான் போல" என்றாள்.

பேப்பர்க்காரர் வந்து இளங்கோவின் வீதியைப் போட்டோ எடுத்துப் போனதாகப் பக்கத்து வீட்டுச் சந்தனம் வந்து சொன்னான்.

பத்து மணி இருக்கும். நாலைந்து ஆம்னி வேன்கள் பாலத்தைத் தாண்டி வந்து, லைன் வீடுகளுக்கு எதிரே இருக்கும் பொட்டலில் நின்றன. பட்டுப் பாவாடையும் புதுச் சட்டையுமாகப் பிள்ளைகள் குதித்தார்கள். பின்னாலேயே அட்டைப் பெட்டிகள் இறங்கின.

இசக்கிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்காக நம் பிள்ளைகளுக்குப் பலகாரம் கொண்டுவந்திருக்கிறார்களோ? சிரித்த முகமாக எழுந்து போனான்.

பாதித் தூரம் போவதற்குள் பத்தாயிரம் வாலா படபடக்க ஆரம்பித்தது.

காற்று இந்தப் பக்கமாகத்தான் அடித்தது. புகை மொத்தமும் வீடுகளுக்குள் நுழைந்தது. ஜோதிகா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவையும் தாண்டி மூக்கம்மாளின் இருமல் நிற்காமல் கேட்டது.

வேன் பக்கத்தில் நின்றிருந்த இளங்கோ அவனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்க, வாங்க! பாப்பாவையும் கூட்டியாங்க. எவ்வளவு கெடக்குது பாருங்க!"

கோபப்படுவதா, பதிலுக்குக் கும்பிடுவதா என்று இசக்கிமுத்துவுக்குத் தெரியவில்லை.

"சார்... வெடிக்கக் கூடாதுன்னு நீங்கதான..."

"வாஸ்தவமுங்க. குழந்தைங்க கேக்கோணுமில்லீங்களா? அங்க வெடிச்சா எங்க வீதிப் பெரியவங்களுக்கு மூச்சு வாங்குமுங்க. அதானுங்க, ஆளுக யாரும் இல்லாத எடமாப் பாத்து வந்துட்டோம்!"