இலையின் பின்பக்கம்

"இலையெல்லாம் ஏன் பின்பக்கமா தைச்சிருக்கு?" என்று நிருபர் கேட்டதும் டிசைனருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அதுவரை வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஷோ. பட்டறைச் சுவரோரம் எட்டுப் பாவாடைகள் தொங்கின. பாலே ஆடுகிறவர்கள் உடுத்துவதுபோல் அடுக்கடுக்காக வலைத்துணி வைத்து, இடுப்பிலிருந்தே விரிந்து நின்ற பாவாடைகள். ஒவ்வொன்றின் மேலும் துணியில் வெட்டிய வெளிர்பச்சை இலைகள், நூற்றுக்கணக்கில்.

சின்ன வயதில் விளையாடிய விளையாட்டிலிருந்து பிறந்த உடைகள் இவை என்று அரைமணி நேரமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் டப்பா மூடியில் ஒரு நடனக்காரியின் படம். அதைப் பார்த்து ஏழு வயதில் பழைய கொசுவலையைப் பென்சில் சீவும் பிளேடால் அறுத்துப் பாவாடையாக்கி, கொல்லைப்பக்கத்து இலையைப் பறித்து ஒட்டிக்கொண்டு ஆடிய கதை.

கதையெல்லாம் உண்மை. செய்தது மட்டும் அவள் இல்லை.

செய்தது அவள் தங்கை.

அந்தத் தங்கை நாலு முழம் தள்ளி, கைத்தையல் மேசையில் குனிந்து கடைசிப் பாவாடைக்கு இலை வைத்துக்கொண்டிருந்தாள். வேறு யார் தைத்தாலும் இலை உயிரில்லாமல் படுத்துக்கொள்கிறது என்று ஒரு வாரத்துக்கு முன்னால் அக்காதான் ஃபோன் போட்டுக் கூப்பிட்டாள். வந்தவள், ஷோவுக்காக அச்சடித்து வைத்திருந்த அறிமுகத் தாளை நின்றபடியே முழுக்க வாசித்தாள். 'ஏழு வயதில் என் கைகள் செய்தவை' என்ற வரி அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

தாளை மடித்து வைத்துவிட்டு, "நூல் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வாரமாகத் தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அவள் கையைப் பார்த்தே பேசினாள்.

இன்றைக்கு நிருபரிடம் அவளை, "இவங்க கைத்தையல் பாக்குறவங்க" என்று அறிமுகம் வேறு செய்துவைத்தாயிற்று. அப்போது வாய் கூசவில்லை. இப்போது உடம்பெல்லாம் கூசியது.

இலை ஏன் பின்பக்கம்?

சத்தியமாக அவளுக்குத் தெரியாது. நினைவில் அப்படித்தான் இருந்தது. வெளிறிய பக்கம் மேலே, நரம்பெல்லாம் புடைத்துத் தெரிய. அப்படியே வரைந்தாள், அப்படியே வெட்டச் சொன்னாள். பக்கத்துப் பெண்ணின் விடைத்தாளைப் பார்த்து எழுதுகிறவள் அடித்தல் திருத்தலையும் சேர்த்து எழுதிவைத்த மாதிரி.

"அது வந்து... இயற்கைக்கு இன்னொரு முகம் இருக்கு இல்லையா..." என்று எதையோ அவிழ்த்துவிடப் பார்த்தாள். நிருபரின் பேனா நகரவில்லை. அக்காவின் காதுமடல் சுட்டது.

மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எங்க வீட்டுப் பின்சுவர்ல ஒரு கொடி இருந்துச்சுங்க. இலையோட மேல்பக்கம் பூரா சுணை, பொடிப்பொடி முள்ளு மாதிரி. வலைமேல கவுத்து வச்சு அமுக்கினா அப்படியே பிடிச்சுக்கும். அம்மா ஊசியைத் தொடவே விடமாட்டாங்க, அதான்."

நிருபர் நிமிர்ந்தார். "எங்க வீடா? அப்ப நீங்க..."

"கூடப் பொறந்தவதான்."

அக்கா நின்ற இடத்திலேயே நாலு அங்குலம் குறைந்துபோனாள்.

இதோ, இப்போது போட்டு உடைக்கப்போகிறாள். பேட்டி போகும், நாளைக்கு ஷோ போகும், இருபது வருஷமாகச் சேர்த்த பேர் நாறிப்போகும். சொல்லித் தொலைக்கட்டுமே என்றும் இருந்தது.

"அப்படீன்னா இது மொதல்ல யார் யோசனை?" நிருபர் விடுவதாக இல்லை.

தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லாம் எங்க அக்காதான். மூடியில படத்தைப் பாத்தது, வலையை அறுத்தது, கட்டிக்கிட்டுச் சுத்திச் சுத்தி ஆடுனது. அவ கைக்கு அப்பவே அது வந்துச்சு."

அக்காவுக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சை நினைத்து இன்னும் கேவலமாக இருந்தது. இல்லை, இவள்தான் என்று சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. வாயைத் திறந்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் தொங்கிய பாவாடையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

நிருபர் இப்போது மும்முரமாக எழுதினார். எழுதிக்கொண்டே சிரித்தபடி தங்கையைக் கேட்டார். "அப்ப நீங்க என்ன செஞ்சீங்க? சும்மா வேடிக்கை பாத்தீங்களா?"

"வேடிக்கைதான். அப்புறம் ஒருநாள் வயித்தெரிச்சல் தாங்காம ஓடிப்போய் அம்மாகிட்ட போட்டுக்கொடுத்துட்டேன்."

நிருபர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

அக்கா சிரிக்கவில்லை.

அது பழைய கொசுவலை இல்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வலை. அன்றைக்கு அம்மா மரஸ்கேலால் அடித்ததில் தங்கையின் இரண்டு விரல்கள் வீங்கி, ஒரு வாரம் அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை. யார் சொன்னது, யார் சொன்னது என்று அழுதழுது கேட்டவளிடம் அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. வீங்கிய விரல்களுக்கு எண்ணெய் தடவிவிட்டது அக்காதான். தடவிக்கொண்டே, "பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்கும்" என்று சொன்னதும் அவள்தான்.

தங்கை அதை நம்பிவிட்டாள் என்றுதான் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.