ஜெராக்ஸில் விழாத வரி

எட்டுப் பிழைகள்.

செய்முறைத் தேர்வு என்றாலும் அவள் பதறவில்லை. யாரென்றே தெரியாத எட்டுப் பெயர்கள் என்று கம்ப்யூட்டர் புகார் சொன்னது. ஆறாவது வரியைக் காட்டியது.

அவள் ஆறாவது வரியைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே பார்த்தாள்.

விடுதி வாட்ச்மேன் மாதிரிதான் இதுவும். நோட்டில் பெயர் இல்லாவிட்டால், தினம் பார்க்கிற முகமானாலும் உள்ளே விடாது. புரோகிராம் மெயின் என்று ஆரம்பித்ததுமே எட்டுப் பெயரையும் பதிந்திருக்க வேண்டும். அந்த வரியே இல்லை.

தட்டினாள். மறுபடி கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்தாள்.

பிழை இல்லை. ஒன்பது எண்கள் மூன்று வரிசையாக வந்து நின்றன. தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் பக்கத்துத் திரை கண்ணில் பட்டது. இசக்கியம்மாளுக்கும் எட்டு.

முன்வரிசையிலும் எட்டு.

சட்டென்று புரிந்தது. சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத்தான் வகுப்பே மனப்பாடம் செய்தது. கடைக்காரர் பக்கத்தின் அடியிலிருந்த வரியைக் கோட்டை விட்டிருக்கிறார். இருபத்தெட்டுப் பேரும் அது இல்லாமலே நெட்டுருப் போட்டிருக்கிறார்கள்.

அவளும்தான்.

வேறு கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் இந்த முறை கேள்விக்குச் சீட்டுக் குலுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி. இன்னும் பத்து நிமிடம். இதில் தேறாமல் அரியர் வைத்தவர்களைத் திங்கட்கிழமை வரும் கம்பெனி நேர்முகத்துக்கு உட்காரவே விடமாட்டார்கள்.

இசக்கியம்மாள் ஆறாவது வரியை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

 சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தால் இரண்டு பேர் தாளும் போகும். கடைசி வரிசைக் கிசுகிசுப்பை வாசலில் நின்றபடியே பிடித்தவர் எக்ஸ்டர்னல்.

அவர் இப்போது அவள் பின்னால் வந்து நின்றார். முன்னால் சுற்றி வந்தபோது எட்டுப் பிழை இருந்ததே, எப்படிப் போனது என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில் என்ன தப்பு?

"மெயினுக்குக் கீழ ஒரு வரி விட்டுப்போச்சு சார். எட்டையும் அங்கயே இன்ட்னு டிக்ளேர் பண்ணிட்டா போதும்."

தேவைக்கு அதிகமான சத்தம்தான்.

விசைகளின் ஓசை நின்றது. அவர் அவளைப் பார்த்தார். திரும்பி அறை முழுவதையும் பார்த்தார்.

பிறகு காதருகே கையைக் குவித்தார்.

"சரியா கேக்கலைம்மா. இன்னொரு தடவ சொல்லு."