பீப்பாயில் வந்த கடல்

1955 அக்டோபர். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் பாம்பன் பவளப்பாறையிலிருந்து வந்த, சுண்டுவிரல் நீள உளுவை மீன் ஒன்று.

தொட்டியின் அடியில் மணல், உடைந்த பவளத்துண்டுகள். மணலில் ஒரு வளை. அதைத் தோண்டுவது கண் சரியாகத் தெரியாத ஓர் இறால். வாசலில் காவல் இருப்பது உளுவை.

இறால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீனின் மேல் வைத்துக்கொண்டே வரும். மீன் வாலை ஒரு சிலுப்பு சிலுப்பினால் இரண்டும் உள்ளே.

பங்களா வேலைக்காரன் சந்தனத்துக்கு அதைப் பார்க்க அலுத்ததே இல்லை. மீன் செத்தால் அவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று துரை சொல்லியிருந்தார்.

கடல்நீர் வாராவாரம் கொச்சியிலிருந்து தேயிலை லாரியில் வரும். கொண்டுவருகிறவன் லாரி கிளீனர் செல்லத்துரை. சந்தனத்தின் மனைவி வேலுத்தாயின் தம்பி. அதற்குக் கூலி, பங்களா அரிசி.

“கடலையே கொண்டாந்துட்டேன் அத்தான். அலையத்தான் அள்ள முடியல!” அன்று காலையிலும் சமையல்கட்டுக்குப் பின்னால் பீப்பாயை வைத்துவிட்டுச் சிரித்தான்.

சந்தனம் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினான்.

மதியத்துக்குள் இறால் மல்லாந்துவிட்டது. உளுவை வளை வாசலை விட்டு நகராமல், ஒருக்களித்துச் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது.

பீப்பாயில் மிச்சமிருந்ததை அவன் கவிழ்த்துப் பார்த்தான். கையில் விழுந்தவை செத்த தலைப்பிரட்டைகள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் மொய்த்துக் கிடப்பவை.

லயத்தில் தன் வீட்டுக்கு ஓடினான். வேலுத்தாய் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

“லாரி வேலய விட்டு அவன நிறுத்திப்புட்டாக. அந்த அரிசியும் நின்னா அவன் புள்ளைக என்னத்தத் திங்கும்? ஓடத் தண்ணிதான். உப்பு நாந்தான் அள்ளிப் போட்டேன். மீனுதான, மனுசனா?”

சாயங்காலம் உளுவை செத்தது. துரை கேட்டபோது, தண்ணீரை மாற்றியது நான்தான் என்று மட்டும் சந்தனம் சொன்னான்.

திங்கட்கிழமை அவன் கவ்வாத்துக்குப் போனான்.

பங்களா வேலைக்குச் செல்லத்துரையைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனைக் கூட்டிப்போய்த் துரைசானியிடம் வேலை கேட்டவள் வேலுத்தாய்.