திட்டு நோட்டு

அந்த மாதத்தின் நான்காவது ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, இளம் நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மருத்துவமனை மேலாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "அஞ்சாவதா ஒருத்தி போனா, ஆறாவது நீதான்" என்று முதலாளி காலையில்தான் எச்சரித்திருந்தார்.

"உண்மையைச் சொல்லும்மா. எதுக்குப் போற?"

"சம்பளம் சார். படிச்சு முடிச்சு வந்த நர்ஸுக்கு நீங்க தர்ற ஆரம்பச் சம்பளத்தைவிட, வாசல்ல வண்டி நிறுத்தற அண்ணன் அதிகம் வாங்கறார். 'முன்னாடியே தெரிஞ்சிருந்தா படிப்புச் செலவை ஒரு விசிலோட முடிச்சிருப்பேனே'ன்னு எங்கப்பா புலம்பறார்."

"அனுபவம் வர வரக் கூடும்மா."

"வந்துடுச்சு சார். அதான் கிளம்பறேன்."

மேலாளர் நம்பவில்லை. சம்பளம் குறைவு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் இடம் தரவில்லை. அதை நிர்ணயித்தவரே அவர்தான்.

"மேட்ரன் திட்டினதுக்காகப் போறியா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "அவங்க திட்டலைன்னா எனக்கு ஏது சார் இந்தப் புது வேலை?" என்று பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்துக் காட்டினாள்.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு நர்ஸும் தலைமை நர்ஸான மேட்ரனிடம் வாங்கிய திட்டை, வாங்கிய அன்றே நோட்டில் எழுத வேண்டும். அதன் கீழே சரியான முறையை எழுத வேண்டும். தவறு திருந்திய நாளில் மேட்ரன் கையெழுத்திடுவார். நோட்டு நிறைய ஒரு வருடமாகும்.

"பெரிய ஆஸ்பத்திரியில இதைப் புரட்டிப் பார்த்தாங்க சார். பரீட்சைகூட வைக்கலை. ரெண்டு மடங்கு சம்பளம்."

மேலாளர் நேரே மேட்ரன் அறைக்குப் படையெடுத்தார்.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ளேயே இருந்துக்கிட்டுச் சுவத்துல கன்னம் வைக்கிறீங்க? நீங்க தயார் பண்ணி அனுப்பறீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்காரன் நோகாம அள்ளிக்கிறான்!"

மேட்ரன் மருந்துப் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆரம்பச் சம்பளத்தை ஏத்துங்க. ஒருத்தியும் வாசற்படி தாண்ட மாட்டா."

"அது நடக்காது. இன்னிக்கோட நோட்டு கிடையாது. திட்டும் கிடையாது. கனிவாப் பேசுங்க."

"சரி."

இத்தனை சுலபமாக 'சரி' வந்ததில் மேலாளருக்கே சற்று ஏமாற்றம்.

மறு வாரம் ஐந்து புதிய பெண்கள் சேர்ந்தார்கள். மேலாளர் கதவோரம் நின்று கவனித்தார். ஒருத்தி விரித்த படுக்கையில் கோடு கோடாகச் சுருக்கம். முன்பாக இருந்தால் மேட்ரன், "நோயாளி முகத்துல இருக்கிற சுருக்கம் போதாதுன்னு நீ வேற போடறியா?" என்று கேட்டிருப்பார்.

"பரவாயில்லடா கண்ணு. பழகப் பழக வரும்" என்றார் மேட்ரன்.

மேலாளருக்குப் புல்லரித்தது.

மூன்று மாதங்கள் ஓடின. ஒருத்தியும் போகவில்லை. படுக்கைகள் இஸ்திரி போட்டதுபோல் இருந்தன. ஊசி குத்தியது தெரியவில்லை என்று நோயாளிகள் மெச்சினார்கள். மதிய உணவு முடிந்து மேலாளர் திரும்பும்போதெல்லாம் பெண்கள் ஐவரும் குனிந்து மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குக் கடிதம்போலும், பாசக்காரப் பிள்ளைகள் என்று அவர் நெகிழ்ந்துபோவார்.

"கனிவா நடத்தினா கல்லும் கரையும் சார்" என்று முதலாளியிடம் மார்தட்டினார். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த நாள் காலை, வேலை தொடங்குமுன், மேலாளர் மேட்ரன் அறை வாசலில் தயங்கி நின்றார். கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"உள்ள வாங்க. என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் உள்ளே வந்து உட்கார்ந்து, மெல்ல நீட்டினார். புத்தம் புதிய நோட்டு. அட்டை போட்டு, பெயர்ச்சீட்டும் ஒட்டியிருந்தது.

"என் பொண்ணுக்கு நேத்து ரிசல்ட் வந்துடுச்சு. நர்சிங்ல முதல் வகுப்பு. நாளைக்கு இங்கேதான் சேர்றா."

"ரொம்ப சந்தோஷம். கண்ணுல வச்சுப் பார்த்துக்கிறேன். ஒரு சொல் அதட்டிப் பேச மாட்டேன்."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க!" மேலாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இந்தச் சம்பளத்துல என் பொண்ணு எத்தனை நாளைக்குக் காலம் தள்ளுவா? நல்லாத் திட்டுங்கம்மா. பக்கம் பக்கமாத் திட்டுங்க."

"நீங்கதானே கூடாதுன்னீங்க?"

"அது... மத்த பொண்ணுங்களுக்கு."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. தலை தானாகக் குனிந்தது.

மேட்ரன் நோட்டை வாங்கிக்கொண்டார். மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஐந்து நோட்டுகள், ஒவ்வொன்றும் கால்வாசி நிரம்பியவை. அவற்றின்மேல் ஆறாவதை வைத்து மூடினார்.

"தினமும் நீங்க சாப்பிடப் போற அந்த அரை மணி நேரத்துலதான் அஞ்சு பேரையும் திட்டி முடிக்கிறேன். நாளையிலிருந்து ஆறு பேர். கொஞ்சம் மெதுவா மென்னு சாப்பிட்டு வாங்க."