ஒன்பது வருஷத்துச் சேர்மன்

"ஒம்போது வருசமா ஒரே ஆளு சேர்மன்! இது சொசைட்டியா, ராஜாங்கமா? நீங்களே சொல்லுங்க தங்கச்சி."

வாகட் அடுக்ககத்துக்குக் குடிவந்து மூன்று வாரமே ஆன சியாமளா, வாசலில் நின்ற ஜெபகுமாரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பக்கத்துப் போசரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர், நாகர்கோவில்காரர். கோயமுத்தூரிலிருந்து வந்த அவளுக்கு இந்த மராத்திக்காரர்கள் கட்டடத்தில் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள்.

"குடியிருக்கறவங்க சங்கத்துக்கு எலக்‌ஷனே வைக்கறதில்லீங்களாண்ணா?"

"பேருக்கு உண்டு. கூட்டத்துக்கு ஒருத்தரும் வரமாட்டாவ. ஆளு பத்தலன்னு அரை மணி நேரம் தள்ளி வைப்பாவ. அப்பறம் இருக்க ஆறு பேரே கைதட்டி, 'ஏகமனதா பழைய சேர்மன்'னு எழுதி முடிச்சிருவாவ. இதுக்கு மக்கள் தீர்ப்புன்னு பேரு!"

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

"எவன் வந்தாலும் டேங்கர் தண்ணிதானேன்னு இருக்காவ. அந்தாளு வீட்டுக்காரியே வெறுத்துப் போயிக் கெடக்கா! நீங்க நில்லுங்க தங்கச்சி. இந்த வருசமும் அந்தாளே வந்தா, நான் நாகர்கோவிலுக்கு ரயில் ஏறிருவேன்."

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்களே?"

"தெரியாததே நல்லது. மொகம் பாத்தா விட்டுக்குடுத்துருவீங்க."

"குடிவந்த உடனே நின்னு தோத்தா, லிஃப்ட்ல எப்படீங்ண்ணா தலை நிமிந்து போறது?"

"ஜெயிக்க வைக்கது எம் பொறுப்பு."

தேர்தல் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபகுமார் வீடு வீடாக ஏறி இறங்கினார். "வடாபாவ் சூடா இருக்கு, வாங்க" என்று இந்தியிலும் மராத்தியிலும் கத்திக் கத்தி எல்லோரையும் பார்க்கிங்குக்கு இழுத்து வந்தார். உட்கார நாற்காலி போதவில்லை.

ரிட்டயர்டான டீச்சர் ஒருவர் சீட்டு கொடுத்தார். அதில் இரண்டே சொல். ஜுனா, நவா. பழையவர், புதியவர்.

எண்ணி முடித்து அவரே அறிவித்தார். புதியவருக்கு நாற்பத்தேழு. பழையவருக்கு ஒன்று.

விசில் பறந்தது. ஜெபகுமார் ஸ்கூட்டர் சீட்டில் தாளம் தட்டி ஆடியே விட்டார். சியாமளாவுக்குச் சிரிப்பும் கண்ணீருமாக வந்தது.

"அந்த ஒத்தை ஓட்டு யாருங்ண்ணா? பாவம், சேர்மனே போட்டுக்கிட்டாரோ?"

"சேச்சே! சேர்மன் ஓட்டும் உங்களுக்குத்தான் தங்கச்சி" என்ற ஜெபகுமார், சட்டைப் பையிலிருந்து, ஒன்பது வருஷமாகச் சுமந்த மோட்டார் ரூம் சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.