இறகு தொட்ட இடம்

பினாங்கு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸராக இருக்கும் அருளப்பன், வீட்டுக்கு வந்ததும் மனைவி செசிலியின் கையைப் பிடித்துப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் கொப்பளித்திருந்தது.

"சோத்துப் பானையத் துணியில்லாம இறக்கினியா? சுடலையா?"

"அவசரம்லா, கவனிக்கல."

"தோல்ல சுடுறத நரம்புதான் மூளைக்குச் சொல்லணும். பெருவியாதி வந்தா முதல்ல நரம்புதான் சாகும். கண்ண மூடு. கோழி இறகால தடவுறேன். தெரியுதான்னு சொல்லு."

செசிலி கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளைக்கார டாக்டர் பெருவியாதி என்று எழுதிவிட்டால் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்கும் ஜெரஜாக் தீவுக்குப் படகேற்றிவிடுவார்கள். கைக்குழந்தை மார்த்தாவை உடன் விட மாட்டார்கள்.

"சுண்டு விரல்ல தெரியுதா?"

"தெரியுது."

"உள்ளங்கையில?"

"கூசுது."

"மணிக்கட்டுல?"

"நல்லாத் தெரியுது. அப்ப மார்த்தாவ விட்டுட்டுப் போக வேணாம்தானே?"

அருளப்பன் மார்த்தாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

நோயை மறைப்பவர்களைக் கண்டுபிடிக்க, முதலில் தொடாமலே கேட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். இறகு இன்னும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.